நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த அந்த நாற்காலியைப் பார்த்ததும் அவள் நிற்கவில்லை. பத்தடி தாண்டிப் போன பிறகுதான் கால் நின்றது. திரும்பி வந்து, தோள்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, உட்காரும் சட்டத்திலிருந்து தரைவரை அளந்தாள். ஐம்பதரை சென்டிமீட்டர். நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். ஐம்பதரைதான்.

ஒரு மாதமாகக் கண்ணில் பட்ட நாற்காலியையெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். வங்கியில் அளந்தபோது காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தான். கடைகளில் இருந்தவை எல்லாம் நாற்பது, நாற்பத்திரண்டு என்று பள்ளத்தில் கிடந்தன. முட்டி வலிக்காதவர்களுக்காக மட்டுமே உலகம் நாற்காலி செய்கிறது என்று அவளுக்குப் பட்டது.

மாமனாருக்கு வேண்டியது நாற்பத்தெட்டு. ஏழு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். நடை திரும்பிவிட்டது. கைத்தடியோடு வீடு முழுக்க நடப்பார். உயரமான கட்டிலிலிருந்து எப்படியோ இறங்கிவிடுவார். வேறு எங்கே உட்கார்ந்தாலும் எழ மட்டும் முடியவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அவருடைய காலை அளந்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பத்தெட்டுக்குக் கீழ போகக் கூடாது. ரெண்டு கையும் ஊன்றிக்க நல்ல பிடி வேணும். அது கெடைச்சா இவர் தானா எழுந்துப்பார். பகல் பூரா கட்டில்ல கெடக்க விட்டீங்கன்னா, அப்புறம் எதுலேருந்தும் எழ மாட்டார்."

அவள் கணவன் மருத்துவமனைச் சாமான் கடையிலிருந்து ஓர் அலுமினிய நாற்காலி வாங்கி வந்தான். மாமனார் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இதுல உக்காந்தா அடுத்தது ட்ரிப் ஏத்த வருவாங்க," என்றார். அதன் பிறகு அது பால்கனியில் ஈரத் துணி சுமந்தது.

முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். ஆடும் வண்டியில், கம்பியைப் பிடிக்காமல், நாள் முழுக்க நின்றவர். எழுந்து நிற்பது ஒரு வேலை என்றே அவர் அதுவரை நினைத்ததில்லை.

அவள் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். மூன்று மாதமாக அரை நாள் விடுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தாள். இனி முழு நாளும் வந்தாக வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. கணவன் குளிர்பதன லாரி ஓட்டுபவன். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பான். கணவனின் அண்ணன், வீட்டில் பெரியவன் என்று பெயர், தொலைபேசியில் கணக்காகப் பேசினார்.

"ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் வீட்ல யாரும் இல்ல. அப்பா எங்கயாவது உக்காந்து, எழ முடியாம, அப்படியே இருந்தார்னா? நான் குத்தம் சொல்லல. முதியோர் இல்லத்துல ஒரு ரூம் பேசி வெச்சிருக்கேன். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள தானா எழுந்து உக்காரப் பழகிட்டார்னா, இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டுக்கொள்ளக்கூட இடம் தராத ஒரு நியாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினாறு நாள் இருக்கும்போதுதான் நாற்காலி கிடைத்தது. தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்து வந்தாள்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார். பிரம்பு கிழிந்து தொங்கியது. மேலே பச்சைப் பெயின்ட், அது உரிந்த இடத்தில் வெள்ளை, அதற்கும் அடியில் என்னவோ ஒரு பழுப்பு. கால்களின் அடிப்பகுதி மழைநீரில் ஊறி உளுத்துப்போயிருந்தது.

"யாரு வீட்டுச் சண்டைம்மா இது?"

"குப்பையில இருந்துச்சு மாமா."

"குப்பையே வேணாம்னு சொன்ன மாதிரில்ல இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் அப்படித்தான். ஆறு வருடமாக ஒரே வீட்டில், பெரும்பாலும் இருவர் மட்டும். மாலையில் அவர் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவள் எதிரே உட்கார்ந்து ஏதாவது படிப்பாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறந்த வீட்டில் எல்லோரும் எந்நேரமும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசாதவளுக்கு ஏதோ குறை என்று நினைத்தார்கள். "என்ன யோசனை? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த மனிதர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. பேசாமல் இருப்பதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளும் ஓர் ஆள் அவளுக்கு வாழ்க்கையில் வாய்த்தது இந்த வீட்டில்தான். அந்த அறை காலியானால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க அவள் பயந்தாள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்போதும் அமைதியாகத்தான் இருக்கும்.

மரவேலை அவளுக்குத் தெரியாது. தெரிந்த வேலையை வைத்துக்கொண்டே தொடங்கினாள். பெயின்ட் கரைக்கும் திரவத்தைத் தடவி, ஊறவிட்டு, பட்டையான தகட்டால் சுரண்டினாள். மூன்று அடுக்கும் சுருள் சுருளாக வந்தன. கைப்பிடியின் கடைசல் வரிகளுக்குள் தகடு நுழையவில்லை. அங்கே பல் கூடத்தில் மெழுகு செதுக்கும் சிறு கத்தியைப் போட்டாள். அதற்கும் எட்டாத இடத்தைப் பல் செட்டைத் தேய்க்கும் சின்ன மோட்டாரால் தேய்த்தாள். பெயின்ட்டுக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது. என்ன மரம் என்று அவளுக்குத் தெரியாது. ஈரத் துணியால் துடைத்தபோது உள்ளே வரிகள் ஓடுவது தெரிந்தது. அன்று ரொம்ப நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

உளுத்த கால் நுனிகளை ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்தாள். கிழிந்த பிரம்பை எடுத்துவிட்டு, சட்டத்துக்குள் கொஞ்சம் இறக்கிப் பலகை வைத்தாள். அதன்மேல், சட்டத்தின் உயரத்துக்கே, அழுத்தமான பஞ்சு, சாம்பல் நிறத் துணி. ஆடிய மூட்டுகளைக் கழற்றிப் பசை போட்டு இறுக்கினாள். எண்ணெய் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்தாள். அளந்தபோது நாற்பத்தொன்பது இருந்தது.

எட்டாம் நாள் காலை அதைச் சன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். மாமனார் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் பிடியில் ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டார். எழுந்தார்.

ஒரே எழுச்சி. யாரும் கை கொடுக்கவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறை.

எழுந்து நின்றவர் எதையும் பிடிக்காமல் அவளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஆடுதும்மா," என்றார். "எழும்போது ஒரு பக்கமா சாயுது. இன்னும் ஒருவாட்டி நான் விழுந்தா, அவ்வளவுதான்."

"சரி பண்ணிடறேன் மாமா. அது சின்ன வேலை."

சின்ன வேலைதான். ஒரு பல் செட்டை வாயில் வைத்துப் பார்க்கும்போது, மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் நீல மைத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்த இடம் உயரமோ அங்கே நீலம் அழுத்தமாக ஒட்டும். அங்கே ஒரு நூல் தேய்த்தால் போதும். பன்னிரண்டு வருடமாக அவள் செய்கிற வேலை. நாலு கால்களின் அடியிலும் மைத்தாளை வைத்து நாற்காலியை அழுத்தினாள். முன் இடக்காலில் நீலம் பட்டது. தேய்த்தாள். மறுபடி வைத்தாள். இப்போது பின் வலக்காலில் பட்டது. தேய்த்தாள்.

மறுநாள் மாலையும் தேய்த்தாள். அதற்கு அடுத்த நாளும். நாற்காலியைத் தூக்கி ஹாலில் போட்டு, வெளிச்சத்தில் தேய்த்து, மறுபடி சன்னலோரம் கொண்டுவந்து வைத்து அழுத்துவாள். ஆடும். எந்தக் காலைத் தேய்த்தாலும் ஆட்டம் வேறு காலுக்குப் போனது.

"ஏம்மா, அதுக்கு நாலு கால்தானே? நீ நாப்பது கால் தேய்ச்சாச்சு போல இருக்கே," என்றார் மாமனார்.

"இதோ வந்துடுச்சு மாமா."

"நானும் இப்படித்தான் சொல்லுவேன். அடுத்த ஸ்டாப், அடுத்த ஸ்டாப்னு. கடைசி ஸ்டாப் வரைக்கும்."

வியாழக்கிழமை மாலை அவர் சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரையைக் கையில் எடுத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. வட்ட மாத்திரை. விழுந்த இடத்தில் நிற்காமல், நாற்காலிக்கு அடியில் புகுந்து, மெதுவாக, யோசித்து யோசித்துப் போவதுபோல உருண்டு, சன்னல் சுவரில் முட்டி நின்றது.

"பாரு, இந்த வீட்ல மாத்திரைகூட என்னைக் கண்டா ஓடுது."

அவள் மாத்திரையை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தடவினாள். சன்னலை ஒட்டிய இரண்டு தரை ஓடுகள் உள்வாங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். எழுந்துபோய் நாற்காலியைத் தூக்கி ஹாலில் வைத்தாள். தேய்த்த காலோடு அங்கே அது தடதடவென்று ஆடியது. தேய்க்கத் தொடங்கும் முன் ஹாலில் அது அசையாமல் நின்றதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

பல் கூடத்தில் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: வாய் அச்சு தப்பாக வந்திருந்தால் பல்லை எவ்வளவு தேய்த்தாலும் உட்காராது, தேய்க்கும் முன் அச்சைப் பார். சொல்லிச் சொல்லி வாய் வலித்த வார்த்தை. அவள் தரையைப் பார்க்கவே இல்லை.

நாற்காலியை மறுபடி சன்னலோரம் வைத்து, நாடாவை எடுத்து அளந்தாள். நாற்பத்தாறு.

அவள் ஒன்றும் கேட்காமலேயே மாமனார் வந்து அதில் உட்கார்ந்தார். ஊன்றினார். தோள் நடுங்கியது. பாதி எழுந்து, தொப்பென்று மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் முறை பாதிகூட எழவில்லை. அவள் கைகொடுத்துத் தூக்கினாள்.

அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அவள் தரையிலேயே, நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கைப் போடவேண்டிய நேரம் வந்து, போயிற்று. இருவரும் அசையவில்லை. வழக்கமான அமைதி இல்லை இது. இதில் இருவரும் தனித்தனியாக இருந்தார்கள்.

"நான் அங்க போறேம்மா," என்றார் அவர் கடைசியில். "உன்னால முடிஞ்சது செஞ்சிட்ட. பெரியவன் கெட்ட எண்ணத்துல சொல்லல."

"உங்களுக்குப் போகணுமா மாமா?"

அவர் யோசித்தார். "அங்க ராத்திரி வரைக்கும் டிவி ஓடுமாம். எல்லாரும் சேர்ந்து பாட்டு பாடுவாங்களாம். தினமும் ஒருத்தர் வந்து எப்படி இருக்கீங்கன்னு கேப்பாராம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் என்னத்தச் சொல்ல."

அன்று கணவன் அழைத்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். பின்னணியில் லாரிகள் இரைந்தன. "அடியில கட்டை வெச்சுப் பாரேன்," என்றான். "நழுவும்," என்றாள். "ம்," என்றான். "நான் திங்கட்கெழமதான் வர முடியும். அண்ணன்கிட்ட நீயே பேசிக்கோ."

பேசுவது அவளுக்கு வராது என்பது அவனுக்குத் தெரியும். வேறு வழி இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒரு பழைய பல் செட் பழுதுக்கு வந்தது. பதினைந்து வருடம் மென்று தேய்ந்தது. போட்டால் தாடை உள்ளே போய்விடுகிறது என்று குறிப்பு. அவள் வழக்கம்போல மேலே பூசி ஏற்ற வேண்டிய அளவைக் குறித்தாள். குறித்த பேனா கையில் அப்படியே நின்றது. தேய்ந்ததை ஏற்றுவதும் அவள் வேலைதானே. பன்னிரண்டு வருடமாக.

அன்று மாலை நாற்காலியைச் சன்னலோரம் வைத்து, கால்களுக்குப் பக்கத்தில் சட்டத்துக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி உயர்த்தினாள். நாற்பத்தெட்டு வரும்வரை பக்கம் பக்கமாகச் சேர்த்தாள். இருக்கையின் மேல் ஒரு தட்டும் அதில் தண்ணீரும் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாதவரை சரிசெய்தாள். பிறகு வாய் அச்சு எடுக்கும் மாவைப் பிசைந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலுக்கும் தரைக்கும் நடுவில் அமுக்கினாள். அது இறுகும்வரை மூச்சுக்கூட மெதுவாக விட்டாள். காலின் நுனியும் தரையின் பள்ளமும் சேர்ந்து மாவில் பதிந்தன. பென்சிலால் ஓடுகளின் மேல் நான்கு வட்டம் போட்டாள்.

"அந்தப் புத்தகத்தையெல்லாம் இவ்வளவு நாள் நீ படிச்சதுக்கு இதான் பலன்," என்றார் மாமனார் கட்டிலிலிருந்து.

சனிக்கிழமை கூடத்தில் அந்த மாவுத் துண்டுகளுக்கு அச்சு எடுத்து, அதற்குள் பல் செட்டுக்கு ஊற்றும் பிசினை ஊற்றினாள். அங்கே இருந்தது ஒரே நிறம்: ஈறு நிறம். பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்பவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? யானைக்குப் பல் செட்டா?"

"நாலு கால்ல நிக்கிற ஒரு ஆளுக்கு."

"ஆளு யாரு? கடிப்பாரா?"

"ஆடுவாரு. அதான் வைத்தியம்."

அவர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அடிப்பாகத்தில் ஓட்டின் சாய்வு, இரண்டு ஓடுகளுக்கு நடுவில் ஓடும் கோடுகூட அப்படியே. "தரைக்குப் பொருத்தமா செஞ்சிருக்கே," என்றார். கேலி குரலில் இல்லை. அடியில் ஒட்ட மெல்லிய ரப்பர்த் தாள் ஒன்றைத் தன் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்றிரவே நான்கையும் நாற்காலியின் கால்களில் மாட்டி ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெரியவன் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் படிவம். அப்பாவுக்குப் பழமும் புதுச் செருப்பும் வாங்கி வந்திருந்தார். எல்லாம் நல்லபடியாக இருந்தது. நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அட, இது குப்பையில கெடைச்சதா? நம்பவே முடியல," என்றார் உண்மையாகவே. பிறகு அதன் காலைப் பார்த்தார். "இது என்ன, ரோஸ் கலர் ஷூ?"

"பல் செட்டுடா," என்றார் அப்பா. "நாற்காலிக்கு வயசாயிடுச்சுல்ல."

"இங்க இருட்டா இருக்கு. ஹால்ல உக்காந்து பேசலாம்பா."

அவள் "வேண்டாம்" என்று வாயெடுப்பதற்குள் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஹாலின் நடுவில் போட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

"இப்ப எழுந்து காட்டுங்கப்பா, பாக்கலாம்."

மாமனார் ஊன்றினார். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து, படக்கென்று மறுபக்கம் இடித்தது. அவர் முகம் வெளுத்தது. பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

பெரியவன் பெருமூச்சு விட்டார். குரலில் வருத்தம்தான் இருந்தது. "ஆடுதேம்மா. இதுல எப்படி அவரைத் தனியா விட்டுட்டுப் போறது?" உறையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

இந்த மாதிரி நேரங்களில் அவள் வாழ்க்கை முழுவதும் சும்மா இருந்திருக்கிறாள். சொல்ல வேண்டியதெல்லாம் மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் வரும்.

"அது இங்க ஆடும்," என்றாள். அவள் எதிர்பார்த்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. "எங்க போட்டாலும் ஆடும். அந்தச் சன்னல்கிட்ட மட்டும் ஆடாது. அந்தத் தரைக்குத்தான் அளவெடுத்துச் செஞ்சேன். திரும்பக் கொண்டுபோய் வைங்க."

"ஒரே ஒரு எடத்துலதான் நிக்கும்னா அது என்னம்மா நாற்காலி?"

"அவருக்கு ஒரே ஒரு எடம் போதும்."

பெரியவன் அவளைப் பார்த்தார். தம்பி மனைவி இத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கைகொடுத்து எழுப்பிவிட்டு, நாற்காலியை அவரே தூக்கினார். அவள் முன்னால் போய் பென்சில் வட்டங்களைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம். வலது பக்கம். ம்." நான்கு கால்களும் வட்டத்துக்குள் இறங்கின. பெரியவன் பிடியைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். பலமாகக் குலுக்கினார். தரையில் முளைத்ததுபோல் நின்றது.

மாமனார் நடந்துவந்து உட்கார்ந்தார். கைகளைப் பிடியில் வைத்தார். உடனே எழவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்தார். பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை அசைத்தாள். மூவரும் பேசாமல் இருந்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பெரியவனுக்கு அது பழக்கமில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு மாமனார் எழுந்தார். நாடகம் எதுவுமில்லாமல், வண்டியில் யாரோ கைகாட்டியதற்கு எழுவதுபோல எழுந்து, கைத்தடியை எடுத்து, மகனைத் தாண்டி நடந்தார்.

"அப்பா! இன்னொரு தடவ."

"ஒரு டிக்கெட் ஒரு தடவதான்டா கிழிக்கிறது."

பெரியவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையிலிருந்த படிவத்தைப் படிப்பதுபோல் பார்த்தார். "அங்க மூணு மாசம் பொறுத்துக்கச் சொல்றேன்," என்றார். "ரூமை வேற யாருக்காவது கொடுத்தா கொடுக்கட்டும். மத்தியானம் ஒருதடவ நான் போன் பண்ணுவேன். எடுக்கணும்."

"பண்ணு," என்றார் அப்பா வாசலில் நின்றபடி. "எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேக்காத."

திங்கட்கிழமை கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் சமையலறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் நாற்காலி லேசாக முனகியது. கைத்தடி தட்டும் ஓசை கதவுவரை போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. மறுபடி முனகல், மறுபடி தட்டல். மின்விசிறியைப் போட ஒரு முறை. அணைக்க ஒரு முறை. எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு முறை.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, "வரேன் மாமா," என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.